கண்ணைத் தேய்க்காமல் வந்தவன்

மருந்துக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித் தர நான் தேவையில்லை. அவை அச்சில் கிடைக்கின்றன. எனக்கு அவை பிரிவு, உட்பிரிவோடு மனப்பாடம். அதனால் நான் கண்ட பலன், கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருப்பதுதான். ஆனால் அச்சில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. விதி உங்கள் பக்கம் நிற்கிறது. முதலாளி, வாடிக்கையாளர், புறப்பட உறுமிக்கொண்டிருக்கும் பேருந்து எல்லாம் எதிர்ப்பக்கம் நிற்கின்றன. அப்போது என்ன செய்வது? கண் அரிப்புக்குப் போடும் ஒரு சொட்டு மருந்தை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எழுபதுகளில், மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு செங்கல்பட்டில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து போவேன். முதலாளி கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கடை வைத்தவர். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்தக் கூடாது என்று யாரோ பயமுறுத்தியதால் என்னை எடுத்தார். முதல் நாளே என் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு என்னால் ஆக வேண்டிய வேலை முடிந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். ஊரில் எல்லோருக்கும் நான் "கம்பவுண்டரு". நான் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவர் என்றால் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம். கடை வாசலில் ஒரு மர பெஞ்சு போட்டிருந்தார். அதற்கு ஊரில் "சொட்டு பெஞ்சு" என்று பெயர். சிற்பக் கூடங்களில் கல் பொளிக்கிறவர்கள், பேருந்து ஓட்டுநர்கள், உப்பளக் காற்றை வாங்கிக்கொண்டு கேளம்பாக்கத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள் என்று கண் அரிக்கிற எவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தால் போதும். முதலாளி ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிச் சொட்டானை எடுத்து, வரிசையாக ஆளுக்கு ஒரு சொட்டு விடுவார். காசு வாங்க மாட்டார். மற்ற கடைக்காரர்கள் வெயிலுக்கு மோர் கொடுப்பதுபோல இவர் கண்ணுக்கு மருந்து கொடுத்தார். ஒரே குப்பி, ஒரே சொட்டான். அதன் நுனி ஒவ்வொருவரின் இமைமயிரையும் விசாரித்துவிட்டுக் குப்பிக்குள் திரும்பிப் போகும். 'மெட்ராஸ் ஐ' வந்த வருஷங்களில் எங்கள் கடை வாசலில் கூட்டம் ஏன் குறையவே இல்லை என்று அவர் யோசித்ததில்லை.

அதைவிட மோசம், குப்பிக்குள் இருந்தது சாதாரண அலர்ஜி மருந்து இல்லை. ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. மற்ற சொட்டுகள் மெதுவாகத்தான் கேட்கும். இது சிவந்த கண்ணைச் சாயங்காலத்துக்குள் வெளுக்க வைத்துவிடும். பெஞ்சின் புகழுக்கு அதுதான் காரணம்.

செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரம்மா இருந்தார். ஒரு நாள் ஆள் விட்டு என்னை அழைத்தார். போனால், எங்கள் பெஞ்சில் மாதக்கணக்காகத் தினமும் தலை சாய்த்த ஒரு சிற்பி அங்கே உட்கார்ந்திருந்தார். அரிப்பு துளியும் இல்லை. கண் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த சைக்கிளில் போய் இடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"உங்க சொட்டால கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஓரப் பார்வை கொஞ்சம் போயிடுச்சு. போனது வராது. மிச்சத்தை நான் காப்பாத்துவேன். உங்க கடையில யார் டாக்டர்?"

"யாரும் இல்லை, மேடம்."

"அப்ப யார் வைத்தியம் பண்றது?"

"பெஞ்சு, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. சிற்பியை அனுப்பிவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். "அரிக்குதுன்னு வர்றவனைப் பத்தி நீ ரொம்பக் கவலைப்படாதே. அவனுக்குத் தொல்லை, அவ்வளவுதான். வலிக்குது, வெளிச்சம் பார்க்க முடியலை, மங்கலா தெரியுதுன்னு வர்றவனுக்குக் கவுன்டர்ல மருந்தே கிடையாது. வழி மட்டும் சொல்லு."

மறுநாள் முதலாளியிடம் பேசினேன். அந்தக் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சட்டத்தின் பிரிவுகளை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். குப்பியை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். பூட்டவில்லை. பெஞ்சு ஓய்ந்தது. இழுப்பறை ஓய்ந்ததா என்று நான் தினமும் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஜாபர் கதை. எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி காசிம் பாய் நைலான் வலையும் கயிறும் விற்றார். அவருடைய மகன்தான் ஜாபர். இருபது வயதைத் தாண்டியவன். வெயில் ஏறத் தொடங்கியதும் அவனுக்குக் கண் அரிப்பு வந்துவிடும். கடைத்தெருவில் அவன் நடந்து வருவதை முகம் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இரண்டு கையும் முகத்தில்தான் இருக்கும். முழங்கையால் கதவைத் திறப்பான், புறங்கையால் தேய்ப்பான், சட்டைக் காலரால் தேய்ப்பான். அலர்ஜி அரிப்பு அப்படித்தான். கையைக் கட்டிப் போட்டால் தோளில் தேய்த்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாபருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. மதராஸில் உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. கண் சிவந்திருந்தால் ஏதோ தொற்று நோய் என்று கழித்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பரிசோதனைக்கு முந்தைய நாள் பிற்பகல், காசிம் பாய் மகனை இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். எதிரே மதராஸ் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே செங்கல்பட்டுப் பேருந்தும் நின்றது.

"அண்ணாத்த, பையன் கண்ண பாரு" என்றார் பாய் முதலாளியிடம். "செவசெவனு கீது. நாளைக்கு காலைல மெடிகலு. பஸ்ஸு கெளம்பப் போவுது. வழக்கமா வுடுவியே, அத ஒரு சொட்டு வுடு."

"ஒரு சொட்டு இன்னாத்துக்கு பாய்? பாட்டிலயே எத்துகினு போ. ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு வுடு. பால் மாரி ஆயிடும்." முதலாளி என் பக்கம் பார்க்காமலே இழுப்பறையைத் திறந்தார். "ஒக்காருடா ஜாபரு."

நான் ஓர் அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. ஜாபர் வெளுத்த சட்டை போட்டிருந்தான். கையில் காகிதங்கள் வைத்த உறை. அதை நெற்றிக்கு மேல் குடைபோல் பிடித்தபடி, முகத்தைத் தெருவுக்கு எதிராகத் திருப்பிக்கொண்டு நின்றான். இன்னொரு கை சும்மா தொங்கியது. அதுதான் விஷயம். ஜாபரின் கை சும்மா தொங்கி நான் பார்த்ததே இல்லை.

அவன் கண்ணைத் தேய்க்கவில்லை.

திரும்புவதற்குள் அவன் பெஞ்சில் தலையைச் சாய்த்துவிட்டான். முதலாளி இமையை விரித்துச் சொட்டானை நீட்டிவிட்டார். நான் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து அவன் கண்ணுக்கு மேல் கையை வைத்தேன். அந்தச் சொட்டு என் புறங்கையில் விழுந்தது.

"இன்னாயா பண்ற?" என்றார் முதலாளி.

"சார், ஒரு நிமிஷம்." ஜாபரைப் பார்த்துக் கேட்டேன். "அரிக்குதா?"

"இல்ல சார். கல்லு வுழுந்தாப்ல குத்துது."

"ரெண்டு கண்ணுமா?"

"இது மட்டுந்தான். வெயில்ல வந்தா முழிக்கவே முடியல."

நல்ல கண்ணைப் பொத்தச் சொன்னேன். "எதிர்ல நிக்கிற பஸ்ல இன்னா எழுதியிருக்கு?"

"மெட்ராஸ்."

"படிச்சியா, ஞாபகமா?"

கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தான். "ஞாபகம் சார். அந்த எடத்துல அந்த பஸ்ஸுதான நிக்கும்."

"போன வாரம் ஜுரம் ஏதாச்சும் வந்துச்சா?" உதட்டோரத்தில் காய்ந்த கொப்புளத் தடம் இருந்தது. வந்தது என்றான்.

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "கம்பவுண்டரு, நீ இன்னா டாக்டரா? ஒனக்குப் புள்ள குட்டி கீதா?"

"இல்ல பாய்."

"அதான் வெளயாடினுகீற. இவன் போவலனா அந்த எடத்துக்கு வேற ஒருத்தன் போயிடுவான். நாலு மாசமா அலஞ்சிகினு கீறேன். பேஜாரு பண்ணாத, நவுரு."

"பாய், அவன் கெடக்குறான், நீ பாட்டில வாங்கிக்க" என்றார் முதலாளி. என்னிடம், "நாளைலேந்து நீ வர வேணாம்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு அத்தனை பிரிவுகளும் உட்பிரிவுகளும் தெரியும் என்றேன் அல்லவா? அப்போது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இல்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிற தகப்பனுக்குச் சட்டப் பிரிவு கொசுவுக்குச் சமம். அவருக்குத் தெரிந்த பொருளைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"பாய், வலையில ஒரு எடத்துல நூலு அறுந்து கீது. மேல சாயம் பூசினா தெரியாது. அந்த வலைய நீங்க விப்பீங்களா?"

"இன்னாடா கேள்வி இது? நான் ஏன் விக்கிறேன்?"

"இந்த மருந்து சாயந்தான் பாய். கண்ணு வெளுக்கும். உள்ள இருக்கிறது இன்னானு எனக்குத் தெரியாது. அரிப்பு இல்ல, அது மட்டும் தெரியும். அரிப்பு இல்லாத கண்ணுல இத வுட்டா, உள்ள இருக்கிறது வளரும். நாளைக்கு இவன் பாஸ் பண்ணிடுவான். அங்க போயி எறங்கறப்ப ஒரு கண்ணோட எறங்குவான்."

மதராஸ் பேருந்தின் நடத்துநர் கத்த ஆரம்பித்தார். "திருப்போரூர், கேளம்பாக்கம், மெட்ராஸ்! பாய், ஏறுறியா இல்லயா?"

காசிம் பாய் முதலாளியின் கையிலிருந்து குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். இரண்டு பேருந்துக்கும் நடுவில் போய் நின்றார். அவர் நின்றது கொஞ்ச நேரம்தான். வேலை, கண், மகன் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் இருந்தன. என் வேலை மட்டும் ஏற்கெனவே போயிருந்தது.

பிறகு செங்கல்பட்டுப் பேருந்தின் படியில் காலை வைத்து என்னைப் பார்த்துக் கத்தினார். "டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், திரும்பி வந்து இந்த பாட்டில முழுசா ஒன் கண்ணுல வுடுறேன்!"

பேருந்துகள் இரண்டும் போயின. நான் புறங்கையைக் கழுவினேன். குப்பி அவர் பையில் போகிறதே என்பதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவர் மனம் மாறிவிட்டால், என் கை அவ்வளவு தூரம் நீளாது.

சாயங்காலம் செங்கல்பட்டில் இறங்கியதும் நேரே டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் போனேன். வெளியே காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருட்டறையில் ஜாபர் ஒரு கருவியின் முன்னால் மோவாயை வைத்துக்கொண்டிருந்தான்.

"வா, நீயே பாரு" என்றார் டாக்டரம்மா.

ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சம் பாய்ச்சியிருந்தார். கருவிழியின் மேல் பச்சையாக, ஒடித்து வைத்த சிறு கிளை மாதிரி ஒரு புண் தெரிந்தது. உதட்டில் கொப்புளம் போட்ட அதே கிருமியாம்.

"இப்ப ஒரு கிளை. அந்தச் சொட்டைப் போட ஆரம்பிச்சிருந்தா அடுத்த வாரம் இங்க ஒரு தோப்பே இருந்திருக்கும். கண்ணு மட்டும் வெள்ளையா, அழகா இருந்திருக்கும்." அதற்கான மருந்தை மணிக்கொரு தரம் போடச் சொன்னார். சரியாகிவிடும் என்றார். நாளைய பரிசோதனை முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்தேன். பாய் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து என் கையில் வைத்தார்.

"பஸ்ல ரெண்டு மூணு தபா மூடிய தொறந்தேன்" என்றார். "ஒவ்வொரு தபாவும் ஒன் மூஞ்சி நெனப்புக்கு வந்துச்சி. ஒரே எரிச்சலு. மூடிட்டேன்."

நன்றி சொல்லவில்லை. மகனின் வேலை கைவிட்டுப் போன மாலையில் யார் சொல்வார்கள்? சரியாகச் செய்த காரியத்துக்குக் கைதட்டல் உடனே வரும் என்று எதிர்பார்த்தால், நீங்கள் கூத்துக் கட்டப் போயிருக்கலாம்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நான் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் புண்ணின் பெயரை நான் சொல்லியிருந்தால் அது அதிகப்பிரசங்கித்தனம், தவறாகவும் போயிருக்கலாம். இது அலர்ஜி இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நம் படிப்பு அந்த இடம்வரைதான் வரும். அந்த இடத்துக்கு வந்து நிற்கத் தெரிவதுதான் வேலை. அதற்கு முன்னால் நின்றால் கோழைத்தனம், தாண்டினால் திமிர்.

மறுநாள் கடைக்குப் போனேன். சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். முதலாளி எனக்கு முன்பே வந்திருந்தார். காசிம் பாய் அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார் போல. இழுப்பறையைத் திறந்து, அதே மருந்தில் இன்னும் இரண்டு குப்பிகளை எடுத்து என் முன் வைத்தார்.

"பூட்டி வெச்சிக்க. சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு வாசலைப் பார்த்தார். "அந்த பெஞ்ச இன்னா பண்றது? ஜனங்க வந்து ஒக்காந்து பழகிட்டாங்கோ."

"தண்ணிப் பானை வெக்கலாம் சார்."

"மண்பானையா?"

"மண்பானைதான்."

அன்று மத்தியானமே பானை வந்தது. கொடுத்துப் பழகிய கை அவருடையது. என்ன கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. அவர் கடையில் அதற்குப் பிறகு பல வருஷம் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

ஜாபரின் கண் ஆறியது. ஓரத்தில் தேடிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தழும்பு தங்கிவிட்டது. அவனுடைய இடத்துக்கு உண்மையிலேயே வேறு ஒருவன் போனான். பாய் மறுபடியும் அலைந்தார். அந்த மாதங்களில் எங்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். எதிர்ப்பக்கம் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, பேருந்தைத் தவிர.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு நாள் காலை, கடைத்தெருவில் ஒருவன் வருவது தெரிந்தது. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கை முகத்தில். பெட்டியைக் கடை வாசலில் வைத்ததும் இரண்டு கையும் முகத்துக்குப் போய்விட்டன. புறங்கையால் தேய்த்தான், விரல் முட்டியால் தேய்த்தான், போதாமல் சட்டைக் காலரைத் தூக்கித் தேய்த்தான்.

"சார், மெடிகலு போன வாரமே முடிஞ்சிடிச்சி. பாஸு! இன்னிக்குக் கெளம்புறேன். இந்தக் கண்ணுதான் சார், அரிப்பு தாங்கல."

"ரெண்டும் அரிக்குதா?"

"ரெண்டும் சார்! பிச்சிகினு போவுது!"

வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் கொடுத்ததில்லை. சாதாரண அலர்ஜிச் சொட்டு ஒன்றை எடுத்தேன். வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். கையைக் கழுவிக்கொண்டு போடு. கீழ் இமையை இழுத்து அந்தப் பைக்குள் விடு. சொட்டான் நுனி எதிலும் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்து. நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போடாதே, போட்டால் விட்டதும் முன்பைவிடச் சிவக்கும். திறந்த குப்பியை ஒரு மாதத்தில் தூக்கிப் போடு. அறையில் கூட இருப்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் உன் குப்பியைக் கொடுக்காதே.

"வலிச்சா, மங்கலா தெரிஞ்சா, வெளிச்சம் கூசினா?" என்று கேட்டேன்.

"மருந்து கெடையாது, நேரா டாக்டருகிட்டதான்" என்றான். பிறகு தானாகவே நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே நின்ற பேருந்தைப் பார்த்தான். "மெட்ராஸ். வழி திருப்போரூர், கேளம்பாக்கம். அப்பால ஜன்னலுக்கு மேல சின்னதா எழுதிகீது சார்: கை, தலையை வெளியே நீட்டாதீர்."

காசிம் பாய் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். மகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "கம்பவுண்டரு, பஸ்ஸு கெளம்புது. இவன இப்ப வுட்டுடுவல்ல?" என்றார். முகத்தில் சிரிப்பு.

"ஏத்திவிடுங்க பாய்."

ஜாபர் ஜன்னலோரம் இடம் பிடித்தான். பேருந்து நகர்ந்ததும், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் ஆசை தீரத் தேய்த்தான். தேய்க்கக் கூடாது என்பது விதி. எனக்கு நன்றாகத் தெரியும். அன்று மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.